பத்தாம் வகுப்பு ஃபிலிம் போட்டோகிராபி: மகளின் முதல் ரோல் வெறுமையாக வந்திருக்கிறது, காரணம் சொல்லுங்கள்

எடிசன்வாசி:

வணக்கம் நண்பர்களே. மகள் இங்கே நியூஜெர்சியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருடம் விருப்பப் பாடமாக ஃபிலிம் போட்டோகிராபி எடுத்திருக்கிறாள். பள்ளியிலேயே டார்க் ரூம் இருக்கிறது. ஆளுக்கொரு பென்டாக்ஸ் கே1000 கேமராவும் இல்ஃபோர்ட் ஹெச்பி5 கருப்பு வெள்ளை ரோலும் கொடுத்து அனுப்பினார்கள். தெரு, கோயில், பாட்டி என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். வகுப்பில் தன் கையாலேயே கழுவினாள். ரோல் முழுக்க வெறும் பிளாஸ்டிக் பட்டையாக வந்திருக்கிறது. ஒரு படம் கூட விழவில்லை. அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

ஆசிரியர் நல்ல மனுஷர். திட்டாமல் இன்னொரு ரோல் கொடுத்துவிட்டார். ஆனால் வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து காரணம் பேச அவருக்கு நேரம் ஏது? எனக்கு டிஜிட்டல் கேமரா தெரியும், ஃபிலிம் தெரியாது. எங்கே தவறியிருக்கும்? அடுத்த ரோலைப் போடுவதற்கு முன் அவளுக்கு என்ன சொல்லலாம்?

பழைய ஸ்டுடியோ:

தம்பி, நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். ஓட்டைகளுக்கு வெளியே, விளிம்பில், ஃபிலிமின் பெயரும் 1, 1ஏ, 2, 2ஏ என்று எண்களும் தெரிகின்றனவா? அப்புறம் ரோலின் நாக்கு, அதாவது கேமராவில் மாட்டும்போது வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனி, கருப்பாக இருக்கிறதா, அதுவும் வெளுத்திருக்கிறதா? இந்த இரண்டையும் சொல்லுங்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

எடிசன்வாசி:

ஐயா, பார்த்தோம். விளிம்பில் எழுத்தும் எண்ணும் நல்ல கருப்பாகப் பளிச்சென்று இருக்கின்றன. நாக்கும் கருப்புத்தான். நடுவில் மட்டும்தான் ஒன்றுமே இல்லை.

பழைய ஸ்டுடியோ:

அப்படியானால் பாப்பா கழுவியதில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

விளிம்பில் இருக்கும் எழுத்தை ஃபிலிம் கம்பெனியிலேயே வெளிச்சத்தால் பதித்து அனுப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் என்ற கெமிக்கல் பட்டால்தான் கருப்பாக எழும்பும். அது பளிச்சென்று வந்திருக்கிறது என்றால் டெவலப்பர் சரி, சூடு சரி, நேரமும் ஏறக்குறைய சரி. எழுத்தும் இல்லை, நாக்கும் வெளுப்பு என்றால் டெவலப்பருக்கு முன்னால், கடைசியில் படத்தை நிலைக்க வைக்க ஊற்றும் ஹைப்போவை ஊற்றியிருப்பார்கள், இல்லாவிட்டால் டெவலப்பர் செத்துப்போயிருக்கும். விளிம்போடு சேர்த்து எல்லாமே கருப்பு என்றால் எங்கேயோ வெளிச்சம் பட்டுவிட்டது. விளிம்பு நன்றாக இருந்து நடுவில் வெறுமை என்றால், லென்ஸ் வழியாக வெளிச்சமே வந்து விழவில்லை.

ஏன் விழவில்லை? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ரோல் உள்ளே நகரவே இல்லை. நாக்கு வலது பக்கச் சுருளில் சரியாக மாட்டாமல் நழுவியிருக்கும். லீவர் இழுபடும், ஷட்டர் சத்தம் கேட்கும், மேலே எண் ஏறும். அந்த எண் லீவரைத்தான் கணக்குப் பார்க்கிறது, ஃபிலிமை அல்ல. பாப்பாவிடம் கேளுங்கள்: 36 தாண்டியும் லீவர் தடையில்லாமல் வந்துகொண்டே இருந்ததா? கடைசியில் திருப்பிச் சுற்றும்போது இறுக்கமே இல்லாமல் சட்டென்று முடிந்துபோனதா?

எடிசன்வாசி:

இரண்டுக்கும் ஆமாம் என்கிறாள் ஐயா. 36 தாண்டியும் வந்ததால் கூடுதலாகச் சில படம் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டாளாம்.

பழைய ஸ்டுடியோ:

சரி, விஷயம் முடிந்தது. ரோல் போடுவதை இப்படிச் சொல்லிக் கொடுங்கள்.

நாக்கை வலது பக்கச் சுருளின் பிளவில் செருகிவிட்டு உடனே மூடியைச் சாத்தக் கூடாது. மூடி திறந்திருக்கும்போதே லீவரை ஒரு தரம் மெதுவாக இழுக்க வேண்டும். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, இரண்டு ஓட்டைகளும் பல் சக்கரத்தில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். மூடியதும் இடது பக்கம் இருக்கும் திருகின் கைப்பிடியை நிமிர்த்தி, அம்புக்குறி காட்டும் திசையில், தடை தட்டும் வரை மெல்லத் திருப்ப வேண்டும். இது உள்ளே இருக்கும் தொய்வை எடுக்க. இப்போது லீவரை இழுத்தால் அந்த இடது திருகு எதிர்த்திசையில் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் ஃபிலிம் நகர்கிறது. சுற்றாவிட்டால் நகரவில்லை. எண் காட்டியை நம்பாதே, திருகை நம்பு. எங்கள் ஸ்டுடியோவில் கல்யாணத்துக்குப் புறப்படும் பையன்களுக்கு இதைத்தான் முதல் பாடமாகச் சொல்வோம். தாலி கட்டும் நேரத்தில் ரோல் நகரவில்லை என்றால் அந்த வீட்டில் என்ன பதில் சொல்வது? ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண் திருகின் மேல் இருக்கும்.

ஸ்கார்பரோ பிள்ளை:

அண்ணை, நான் டொரோண்டோவில் பதினோராம் வகுப்பில் இதே பாடம் எடுத்தனான். அந்த வெறும் ரோலை எறியச் சொல்லாதேங்கோ. கழுவ முதல் ஃபிலிமைச் சுத்துற ரீலில் பழகுவதற்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. கெட்டுப்போகப் பயமில்லாத முழு நீள ஃபிலிம் அது.

எங்கட வகுப்பில் அழுத ஆட்களில் அரைவாசிப் பேர் அழுதது இருட்டுக்குள் ரீல் சுத்தேக்கைதான். ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சமும் ஆகாது, முழு இருட்டு வேணும். சினிமாவில் காட்டுற சிவப்பு விளக்கு பேப்பருக்கு மட்டும்தான். அதால முதல் கண்ணைத் திறந்து சுத்திப் பழகவேணும், பிறகு கண்ணை மூடி, பிறகு போர்வைக்குள் கையை விட்டு. விரல் பாதையைப் பிடிச்ச பிறகு இருட்டு ஒரு பிரச்சினையே இல்லை.

பிளாஸ்டிக் ரீல் என்றால் எலும்பு காய்ந்த மாதிரி காய்ந்திருக்க வேணும். முதல் ஆள் கழுவின ஈரம் கொஞ்சம் இருந்தாலும் ஃபிலிம் நடுவில் ஒட்டிக்கொண்டு நகராது. நுனியின் இரண்டு மூலையையும் கத்தரியால் லேசாக வட்டமாக வெட்டினால் சுகமாக ஏறும். சிக்கினால் பலத்தைக் காட்டி இழுக்கக் கூடாது. ஃபிலிம் மடிஞ்ச இடத்தில் பிறை மாதிரி ஒரு கருப்பு அடையாளம் நெகட்டிவில் வந்து நிக்கும். சாமானை எல்லாம் வெளிச்சம் புகாத டாங்குக்குள் வைத்து மூடிப்போட்டு, கையைத் துடைச்சுக்கொண்டு வந்து திரும்பத் தொடங்கினால் சரி. இருட்டறைக்குப் பதிலாகக் கையை மட்டும் விட்டு வேலை செய்யிற சேஞ்சிங் பைக்குள் கை வேர்க்கும், அந்த வேர்வையும் ஃபிலிமை ஒட்ட வைக்கும்.

கோவைக்காரன்:

எல்லாரும் கோபப்பட வேண்டாம், உண்மையாகத்தான் கேட்கிறேன். ஒரு ரோல் விலை, கழுவும் கெமிக்கல், பேப்பர் என்று இத்தனை செலவு. போனில் எடுத்தால் உடனே தெரிகிறது, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இன்றைக்கு இது எதற்கு? அந்த நேரத்தில் எடிட்டிங் கற்றுக்கொள்ளலாமே? பழைய நினைவுக்காகப் பள்ளிகள் இதை வைத்திருக்கின்றனவா?

ஓவிய டீச்சர்:

நான் கலிபோர்னியாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஓவியமும் போட்டோகிராபியும் நடத்துகிறேன். பழைய நினைவுக்காக ஒரு பள்ளியும் தண்ணீர்க் குழாய், காற்றுப்போக்கி, வெள்ளிக் கழிவு என்று இத்தனை தொல்லையை வைத்துக்கொள்ளாது சார். தொல்லையே வேண்டாம் என்று மூடிவிட்ட பள்ளிகள் நிறைய. வைத்திருப்பவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறோம்.

போனில் பொத்தானை அழுத்தும்போது அது ஒரு படம் எடுப்பதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, நிழலை ஒன்றிலிருந்தும் வானத்தை இன்னொன்றிலிருந்தும் சேர்த்து, முகத்தைத் தேடிப் பிரகாசமாக்கி, கூர்மையாக்கித் தருகிறது. படம் அழகாக வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் அப்படி வந்தது என்று பிள்ளையால் சொல்ல முடியாது, ஏனென்றால் முடிவெடுத்தது பிள்ளை இல்லை. கே1000-இல் முடிவெடுக்க வேறு ஆளே கிடையாது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு விநாடி முதல் 1/1000 வரை, வெளிச்சம் புகும் துளையை மாற்ற ஒரு அபர்ச்சர் வளையம், ஒரு ஃபோகஸ் வளையம், கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் வெளிச்சத்தை அளந்து காட்டும் ஒரு மீட்டர் முள். பேட்டரி கூட அந்த முள்ளுக்கு மட்டும்தான், தீர்ந்துபோனாலும் கேமரா ஓடும். 1976-இல் வந்து 1997 வரை தயாரான கேமரா அது. பிள்ளைகள் கைக்குப் போவதற்கு அதைவிடத் தெளிவான பெட்டியை நான் பார்த்ததில்லை.

இந்த இழையிலேயே பாருங்கள். ஐயா விளிம்பு எழுத்தைக் கேட்டார், நாக்கைக் கேட்டார், ஊர் விட்டு ஊர் இருந்துகொண்டு காரணத்தைச் சொல்லிவிட்டார். நெகட்டிவில் நடந்தது எல்லாம் நெகட்டிவிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் பாடம். நிழல் பகுதியில் விவரம் இல்லையா, எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழுந்த வெளிச்சம், போதவில்லை. வெளிச்சப் பகுதி ஊடுருவ முடியாத கருப்பா, அதிக நேரம் கழுவிவிட்டாய். படம் இரட்டையாக ஆடுகிறதா, 50 மில்லிமீட்டர் லென்ஸை 1/60-க்குக் கீழே கையில் பிடித்திருக்கிறாய். ஒரு பருவம் முழுக்க இப்படிப் பார்த்த பிள்ளை, அப்புறம் எந்த டிஜிட்டல் கேமராவை எடுத்தாலும் தடுமாறுவதில்லை.

செலவு விஷயம் நியாயமான கேள்வி. நாங்கள் 30.5 மீட்டர் சுருளாக வாங்கி நாங்களே கேசட்டில் ஏற்றுகிறோம். ஒரு சுருளில் 36 படம் கொள்ளும் ரோல் ஏறக்குறைய 18 வரும். கென்ட்மியர் 400 மாணவர் கைக்கு நல்ல ஃபிலிம், ஹெச்பி5 தயாரிக்கும் அதே இங்கிலாந்து நிறுவனத்தின் மலிவான சரக்கு.

கோவைக்காரன்:

விளிம்பு எழுத்து விஷயம் எனக்கும் புதிது, அதை ஒப்புக்கொள்கிறேன். செலவு பற்றி இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் போன் எடுக்கும் முடிவுகள் பற்றிச் சொன்னது சரி. தொடருங்கள், படிக்கிறேன்.

டல்லாஸ் அம்மா:

என் பையனுக்கும் இந்தப் பாடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அவனுக்கு ஆஸ்துமா உண்டு. டார்க் ரூமில் வினிகர் வாடை அடிக்கும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

ஓவிய டீச்சர்:

பள்ளி தொடங்கும் முன்பே ஆசிரியருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள், அவன் டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள். வினிகர் வாடை, டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் என்ற அசிட்டிக் அமிலத்தால் வருகிறது. சிட்ரிக் அமிலத்தில் செய்த வாடையில்லாத ஸ்டாப் பாத் கிடைக்கிறது, ஆசிரியரிடம் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஃபிக்ஸர், ஐயா ஹைப்போ என்று சொன்னது. அமிலத் தன்மையுள்ள ஃபிக்ஸரிலிருந்து சல்பர் டை ஆக்ஸைடு கொஞ்சம் வெளிவரும், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது. காற்றுப்போக்கி ஓடுகிறதா, தட்டுகளைப் பயன்படுத்தாத நேரத்தில் மூடி வைக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஃபிலிம் கழுவும் வேலை மூடிய டாங்கில் வெளிச்சத்திலேயே நடக்கும், அதில் தொந்தரவு குறைவு. திறந்த தட்டுகள் இருப்பது பிரின்ட் போடும் இடத்தில்தான்.

தோலுக்கும் ஒரு வார்த்தை. டி-76 மாதிரி டெவலப்பரில் மெட்டால் என்ற கெமிக்கல் இருக்கிறது. சிலருக்குக் கையில் அரிப்பும் கொப்புளமும் வரும், ஒரு தடவை வந்தால் ஒவ்வொரு தடவையும் வரும். தட்டுக்குள் விரலை விடாமல் இடுக்கி பிடிக்க வேண்டும், கையுறை போட வேண்டும். மெட்டால் இல்லாத டெவலப்பரும் இருக்கிறது, எக்ஸ்டால் அப்படிப்பட்டது.

பழைய ஸ்டுடியோ:

டீச்சர் சொல்வதை எல்லாரும் கேளுங்கள். எங்கள் காலத்தில் வெறும் கையைத்தான் விடுவோம். நகம் எல்லாம் பழுப்பு ஏறிப்போன ஆட்களை எனக்குத் தெரியும். அது ஒன்றும் பெருமை இல்லை.

எடிசன்வாசி:

இரண்டாவது ரோல் வந்துவிட்டது! 36 படமும் விழுந்திருக்கிறது. திருகைப் பார்த்துப் பார்த்து எடுத்தாளாம். எல்லாப் படங்களையும் ஒரே தாளில் சிறிதாகக் காட்டும் கான்டாக்ட் ஷீட்டும் போட்டிருக்கிறாள்.

இப்போது அடுத்த கேள்வி. பாட்டி வெள்ளைப் புடவையில் வாசலில் உட்கார்ந்திருக்கும் படம், அவள் ரொம்ப ஆசையாக எடுத்தது. மீட்டர் முள் நடுவில்தான் இருந்தது என்று சத்தியம் செய்கிறாள். ஆனால் புடவை சாம்பலாகவும் பாட்டி முகம் கருப்பாகவும் வந்திருக்கிறது. அதே சமயம் கருப்புக் கதவுக்கு முன்னால் தம்பியை எடுத்த படத்தில் அவன் முகம் வெளுத்திருக்கிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

ஓவிய டீச்சர்:

மீட்டர் நன்றாக வேலை செய்கிறது சார். அது செய்யும் வேலை என்ன என்று புரிந்துகொண்டால் போதும்.

கேமராவின் மீட்டருக்குப் பாட்டியும் தெரியாது, புடவையும் தெரியாது. எதிரே இருப்பது எதுவானாலும் சராசரியாக நடுச் சாம்பல் நிறம், அதாவது விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் என்று எடுத்துக்கொள்ளும். கே1000 படச் சட்டம் முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்க்கிறது. சட்டத்தில் பெரும்பகுதி வெள்ளைப் புடவை என்றால் "வெளிச்சம் ஏராளம்" என்று நினைத்துக் குறைக்கச் சொல்லும். புடவை சாம்பலாகும், முகம் இருளில் விழும். கருப்புக் கதவுக்கு நேர் எதிர். உங்கள் ஊரில் பனி விழுந்த பிறகு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மீட்டர் சொன்னபடி எடுத்தால் பனி அழுக்காகத் தெரியும். ஒரு ஸ்டாப்போ ஒன்றரை ஸ்டாப்போ திறந்தால்தான் வெள்ளையாகும் (ஒரு ஸ்டாப் திறந்தால் வெளிச்சம் இரட்டிப்பு).

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு படி இருக்கிறது. அதைப் பல வகுப்புகளில் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். முகத்துக்கு அருகில் போய் மீட்டர் பார்த்துவிட்டுப் பின்னால் வந்து எடு என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். வெளிர் தோலுக்கு அப்படிப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டாப் திற என்றும் சொல்லும். நல்ல கருப்பு நிறமுள்ளவருக்கு அதைச் செய்தால் தோல் நிறம் சோகையாகிவிடும். கருப்பு முகத்தை மீட்டர் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும், அங்கே அரை ஸ்டாப்போ ஒன்றோ குறைக்க வேண்டியிருக்கும். இதற்கு எளிய வழி உள்ளங்கை. தோல் நிறம் எதுவானாலும் உள்ளங்கை நிறம் அவ்வளவு வேறுபடாது. யாரை எடுக்கிறாளோ அவர் முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் தன் உள்ளங்கையைப் பிடித்து, லென்ஸ் முழுக்க அது நிரம்பும்படி மீட்டர் பார்த்து, அங்கிருந்து ஒரு ஸ்டாப் திறந்தால் போதும். முகம் முகமாக வரும். புடவை புடவையாக வரும்.

கலர் ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெகுகாலம் வெள்ளைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள். ஷெர்லி அட்டை என்று பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரின்ட் சரி என்று கணக்கு. மற்றவர்கள் முகம் எப்படி வந்தது என்று பலர் கவலைப்படவில்லை. மகளிடம் இதையும் சொல்லுங்கள். தன் வீட்டு மனிதர்களை எடுக்கிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கார்பரோ பிள்ளை:

ஓம், உள்ளங்கை விஷயம் அருமை. மீட்டரே இல்லாத வழியும் ஒன்று இருக்கு. நல்ல வெயிலில் அபர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, ஷட்டரை ஃபிலிம் வேகத்துக்குக் கிட்ட வைக்கவேணும். ஹெச்பி5-க்கு 400 என்பதால் 1/500. மெல்லிய மேகம் என்றால் எஃப் 11, நல்ல மேகமூட்டம் என்றால் எஃப் 8. மீட்டர் என்ன சொல்லும் என்று முதல் தான் ஊகிச்சுப்போட்டுப் பிறகு முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கோ. கொஞ்ச நாளில் கண்ணே மீட்டராகும்.

எடிசன்வாசி:

பாட்டி படத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? அடுத்த வாரம் பெரிதாக்கிப் பிரின்ட் போடும் பாடமாம்.

பழைய ஸ்டுடியோ:

நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண், சுருக்கம், மூக்குத்தி ஏதாவது மெலிதாகவாவது தெரிந்தால் காப்பாற்றலாம். அங்கே வெறும் ஃபிலிம்தான் இருக்கிறது என்றால் எந்தக் கொம்பனாலும் கொண்டு வர முடியாது. அதனால்தான் நெகட்டிவ் வேலையில் நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர் கொடு என்பார்கள். வெளிச்சப் பகுதி கொஞ்சம் மிஞ்சினாலும் பிரின்டில் இறக்கிக்கொள்ளலாம், நிழலில் விழாததை யாரும் எடுத்துத் தர முடியாது.

இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெலிந்த நெகட்டிவ் சாதாரணமாகச் சப்பென்று பிரின்ட் ஆகும். இப்போது மல்டிகிரேட் பேப்பர் இருப்பது பெரிய சௌகரியம். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் பில்டர் மாற்றினாலே கான்ட்ராஸ்ட், அதாவது கருப்பு வெள்ளை வேறுபாடு, மாறும், 00 முதல் 5 வரை. 2-க்குப் பதில் 3½ அல்லது 4 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒவ்வொரு கிரேடுக்கும் தனித்தனிப் பெட்டி வாங்கி வைக்க வேண்டியிருந்தது.

டெஸ்ட் ஸ்ட்ரிப் போடாமல் முழுப் பேப்பரை வீணாக்கக் கூடாது. குழம்பை இறக்கும் முன் உப்புப் பார்ப்பது போலத்தான். ஒரு துண்டுப் பேப்பரை முகத்தின் மேல் குறுக்காக வைத்து, அட்டையால் மூடி மூடி, ஐந்து ஐந்து விநாடியாக வெளிச்சம் கொடுத்தால் 5, 10, 15, 20 என்று பட்டை பட்டையாக வரும். பிள்ளைகள் துண்டை வானத்திலோ மூலையிலோ வைத்துவிடுவார்கள். எது முக்கியமோ அதன் மேல் வைக்க வேண்டும். அப்புறம் டெவலப்பரில் முழு நேரமும் விட வேண்டும், பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி பேப்பருக்கு ஒரு நிமிஷம். சீக்கிரம் கருத்துவிட்டதே என்று பாதியில் எடுத்தால் கருப்பு கருப்பாக இருக்காது, திட்டுத் திட்டாகப் பழுப்பாக நிற்கும். சிவப்பு விளக்கில் பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாகக் கருத்த மாதிரித்தான் தெரியும். வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

நேரம் பிடிபட்டதும், முகத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். கம்பி நுனியில் முகம் அளவுக்கு ஒரு வட்ட அட்டை ஒட்டி, என்லார்ஜர் வெளிச்சம் விழும்போது முகத்துக்கு மேலே சில விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் அட்டையின் ஓரம் கோடாக விழுந்துவிடும். புடவைக்குக் கூடுதல் வேண்டுமென்றால் நடுவில் ஓட்டை போட்ட அட்டை. இதை டாட்ஜ், பர்ன் என்று அவள் ஆசிரியர் சொல்வார்.

ஓவிய டீச்சர்:

ஒவ்வொரு பிரின்டின் பின்னாலும் பென்சிலால் பில்டர், அபர்ச்சர், விநாடி, முகத்துக்கு எவ்வளவு மறைத்தாள் என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த நாள் அதே இடத்திலிருந்து தொடங்கலாம். மதிப்பெண் போடும்போது நான் அழகான ஒரே பிரின்டைவிட, ஒரு நெகட்டிவிலிருந்து படிப்படியாகச் சரியாகிக்கொண்டு வந்த பிரின்ட்களைத்தான் விரும்பிப் பார்ப்பேன். பிற்பாடு ஏபி ஆர்ட் (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம்) போர்ட்ஃபோலியோ கொடுக்கும் எண்ணம் இருந்தால் அந்தக் காகிதங்களை இப்போதே பத்திரப்படுத்துங்கள். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு சோதித்துச் சோதித்துப் போனதற்கான ஆதாரத்தை அங்கே கேட்பார்கள், ஃபிலிமில் செய்ததும் ஏற்கப்படும்.

புதுக்கோட்டையான்:

எல்லாரும் அமெரிக்கா, கனடா பற்றிப் பேசும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இங்கே அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எங்களிடம் கேமராவும் இல்லை, டார்க் ரூமும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு ஒளியில் படம் எப்படி உண்டாகிறது என்று கையால் செய்து காட்ட ஆசை. ஏதாவது வழி உண்டா? ஊரில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவில் இந்து பிராண்டு போட்டோ பேப்பர் பழைய பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. அது உதவுமா?

ஓவிய டீச்சர்:

சார், குறுக்கே வருவதா? இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். என் வகுப்பிலும் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் இதுதான்.

உங்களுக்கு ஏற்றது சயனோடைப் என்ற நீலப் பட முறை. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்தது. ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று கண்டவரும் அவரேதான். அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நேராகக் காகிதத்தில் வைத்து நீல நிறப் படங்களாகப் புத்தகம் போடத் தொடங்கிவிட்டார். வேண்டியது இரண்டு உப்பு. ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணீரில், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லியில். பூசும்போது சம அளவு கலந்து, சாதா பல்பு வெளிச்சத்தில் நல்ல தடித்த காகிதத்தில் தடவி, இருட்டில் காய வைத்து, இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். உங்கள் ஊர் வெயிலுக்கு சில நிமிஷங்களே போதும். அப்புறம் பச்சைத் தண்ணீரில் அலசினால் முடிந்தது. ஃபெர்ரிசயனைடை அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது, அதை மட்டும் நீங்களே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி மதுரை, தஞ்சாவூர், திருச்சியோடு உங்கள் புதுக்கோட்டையையும் எடுத்திருக்கிறார். மெழுகு பூசிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். பிள்ளைகள் தகர டப்பாவில் ஊசி ஓட்டை போட்டு உள்ளே போட்டோ பேப்பரை ஒட்டி எடுத்தால் அதுவும் காகித நெகட்டிவ்தான். நல்ல வெயிலில் அரை நிமிஷம் முதல் ஒன்றிரண்டு நிமிஷம் வரை வைத்துப் பாருங்கள். அதற்குச் சிவப்பு விளக்கும் டெவலப்பரும் வேண்டும், ஒரு ஜன்னலை அடைத்த அறை போதும்.

பழைய ஸ்டுடியோ:

இந்து பேப்பரா! ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் போட்ட சரக்கு. ஆயுசு பூரா அதில் பிரின்ட் போட்டவன் நான். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள் சார்.

முதலில் சோதனை. சிவப்பு விளக்கில் ஒரு தாளை எடுத்துப் பாதியாகக் கிழியுங்கள். ஒன்றை வெளிச்சம் காட்டாமல் நேரே ஹைப்போவில் போடுங்கள். இன்னொன்றை வெளிச்சம் காட்டாமல் டெவலப்பரில் போட்டு, அப்புறம் ஹைப்போவில் போடுங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தால் பேப்பர் உயிரோடு இருக்கிறது, ஊசி ஓட்டைக் கேமராவுக்குத் தாராளமாக ஆகும். டெவலப்பரில் போட்டது சாம்பலாக வந்தால் வயசாகிவிட்டது. அப்போதும் பயன் உண்டு. வெயிலில் வைத்து இலை, பூ, கோலப்பொடி வார்ப்பு எதை வேண்டுமானாலும் மேலே வைக்கலாம். டெவலப்பரே வேண்டாம், வெயிலிலேயே பேப்பர் ஊதாவும் செம்பழுப்புமாகக் கருக்கும். அரை மணி, ஒரு மணி என்று வெவ்வேறு நேரம் விட்டுப் பாருங்கள். ஹைப்போவில் போட்டதும் நிறம் வெளுக்கும், அதனால் வேண்டிய அளவுக்கு மேலேயே கொஞ்சம் கருக்க விட வேண்டும்.

ஹைப்போ என்று கேட்டால் கெமிக்கல் கடையில் சோடியம் தையோசல்பேட் தருவார்கள். பயன்படுத்தின தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், அதில் வெள்ளி கரைந்திருக்கும். ஒரு கேனில் சேர்த்து வையுங்கள். பக்கத்து ஊரில் எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுப்பவர்கள் இருந்தால் வாங்கிக்கொள்வார்கள்.